ஒண்டுக்குடித்தன சர்வர்

கீக்... கீக்... கீக்... சத்தம்தான் முதலில் வந்தது, எங்கிருந்து வருகிறது என்பது பிறகுதான். தூக்கத்துக்குள் அது கூடைக்கு அடியில் அகப்பட்ட கோழிக்குஞ்சாக இருந்தது, பிறகு ஆஸ்பத்திரியில் அப்பாவின் தலைமாட்டில் இருந்த பெட்டியாக மாறியது, அதற்கும் பிறகு மூன்றாம் நம்பர் மோட்டார் சூடேறினால் அடிக்கிற அபாய மணியாக. மோட்டார் என்றதும் தனுஷ்கோடியின் உடம்பு பதறி எழுந்துகொண்டது, மனசு எழவில்லை. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி சுவரில் ஸ்விட்சைத் துழாவினான். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் கை இருந்தது. வேலை பார்க்கிற ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் இல்லை, திருப்புவனத்தில் வீட்டில் இருக்கிறான். ராத்திரி இல்லை, பகல். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் சாய்த்துப் போட்டிருந்தது. கத்துவது மேசைக்கு அடியில் இருக்கும் யு.பி.எஸ். கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு என்று நேற்றே வாட்ஸப்பில் வந்திருந்தது, பார்த்தும் மறந்திருக்கிறான், ராத்திரி வேலை பார்க்கிறவனுக்குக் கிழமை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட அப்பளம் மாதிரி. ஆனால் பதற்றம் கரண்ட் போனதற்கு இல்லை. சாய்வதற்கு முன்னால் ஒரு வேலையை ஓட விட்டுவிட்டுச் சாய்ந்தது இப்போது ஞாபகம் வந்தது. அழிக்கிற வேலை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அழி என்று சொல்லி, திரையில் ஒரு நீலக்கோடு ஊர ஆரம்பித்து, அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கண் செருகிவிட்டது. நகலைத்தான் அழித்தான். இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்றை அழித்தான். நகலைத்தான். இதை மனசுக்குள் இத்தனை தடவை சொல்ல வேண்டியிருப்பதே நல்லதாகப் படவில்லை.

அது ஒரு வலைத்தளம். செவிப்பாடம் என்று பெயர். கண் தெரியாத பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிற புத்தகங்களை வாசித்து, யாரும் போனில் கேட்டுக்கொள்ளும்படி போட்டு வைத்திருக்கிற இடம். வாசித்தது முழுக்கத் தனுஷ்கோடி. நீரேற்று நிலையத்தில் இரவு ஆபரேட்டருக்கு மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை, மோட்டார் ஓடும்போது பார்க்க ஒன்றும் இருக்காது, கண் சொக்கும், சொக்காமல் இருக்க அவன் கையில் கிடைத்த பேப்பரை எல்லாம் சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்தவன். தெருப் பையன் இன்பராஜ்தான் அதைக் கேட்டுவிட்டு, சித்தப்பா, என் கூடப் படிக்கிறவனுக்குக் கண் தெரியாது, அவன் பாடத்தை வாசிங்களேன் என்றான். அப்படிப் பிடித்தது. பொருளியல், வரலாறு, அரசியல், இலக்கணம். பத்தாம் வகுப்போடு நின்றவன் இளங்கலைப் புத்தகங்களை மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலைத் தூக்கி வருஷக்கணக்காக வாசித்தான். புரிந்ததை வாசித்தான், புரியாததையும் நிறுத்தக்குறி பார்த்துப் புரிந்த மாதிரி வாசித்தான். குமரியிலிருந்து தருமபுரி வரைக்கும் அவனைப் பார்க்காத, பார்க்கவும் முடியாத பிள்ளைகள் அவனுக்கு மோட்டார் மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்பராஜ் தளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு தோஹாவுக்குப் போய்விட்டான். போன மாதம் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கிற சர்வர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் வைத்திருக்கும் மென்பொருள் மிகவும் பழையது, அந்தப் பதிப்பை நிறுத்தப்போகிறோம், மாற்றாவிட்டால் உங்கள் தளம் திறக்காது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவர்களும் முதலில் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் என்ன என்று இன்பராஜ் விளக்கியபோது தனுஷ்கோடி உடனே புரிந்துகொண்டது அந்த ஒன்றைத்தான். ஒண்டுக்குடித்தனம். ஒரே கம்ப்யூட்டர், அதில் முன்னூறோ நானூறோ குடித்தனம், ஒரே குழாய், ஒரே ஃபியூஸ். நமக்கு ஒரு அறை, ஒரு சாவி. பக்கத்து அறையில் யார் என்று தெரியாது, கல்யாண மண்டபமோ, ஊறுகாய்க் கடையோ, யாரோ ஒரு டாக்டரோ. புரிந்ததிலிருந்துதான் பயமே வந்தது. மதுரையில் அவன் சின்னப் பையனாக இருந்தபோது அப்படி ஒரு வளவில்தான் இருந்தார்கள், ஃபியூஸ் போனால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும், இருட்டில் யாருக்கும் முகம் இருக்காது, குரல் மட்டும், எந்த வீட்டுல ஹீட்டர் போட்டது, எந்த வீட்டுல, என்று அந்தக் குரல் ஒவ்வொரு வாசலாக வரும். அவர்கள் வீட்டில் ஹீட்டரே கிடையாது. இருந்தும் அம்மா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வாள். இப்போதும் ஒவ்வொரு பட்டனை அழுத்தும்போதும் அந்தக் கை அவனை உள்ளே இழுத்தது. தான் எதையாவது தப்பாக அழுத்தி, யாரோ ஒரு டாக்டரின் தளம் நின்று, யாரோ ஒரு நோயாளிக்கு நேரம் கிடைக்காமல் போய். அப்படியெல்லாம் ஆகாது சித்தப்பா, என்று இன்பராஜ் குரல் அனுப்பியிருந்தான், பின்னால் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். புதுசா மாத்தப்போற ஃபிரேம்வொர்க்னா ஒண்ணுமில்ல, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவாங்கல்ல, அதைக் கட்டினபடியே கொண்டாந்து தர்றாங்க, நாம நட்டுவச்சா போதும். அவனுக்குச் சாரம் என்றதும் புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, அப்புறம் மொத்தமாக உட்கார்ந்த சவுக்குக் கம்புகள்தான் கண்ணில் நின்றன.

இந்த ஒரு வாரமாக வேலை முடிந்து வந்து, தூங்க வேண்டிய பகலில், சாரம் நட்டான். இன்பராஜ் சுருக்கிக் கட்டி அனுப்பிய ஜிப் ஃபைலைச் சர்வரில் ஏற்றினான். விரித்தான். விரிக்க விரிக்க அதற்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில் ஃபைல்கள், ஒன்றின் பேர்கூட வாய்க்குள் நுழையவில்லை, பாடம் எல்லாம் சேர்த்தால்கூட இத்தனை எண்ணிக்கை வராது, குடிவருகிறவர்கள் இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாணக் கூட்டமே வந்து இறங்கின மாதிரி. பாடம் இருந்த ஃபோல்டரை, ஒலி என்று பெயர் வைத்தது, சாரத்துக்குள்ளே ஓர் உள்ளறைக்கு நகர்த்தச் சொன்னான் இன்பராஜ், இவன் நகர்த்தினான். அப்புறம் ஒரு சின்ன ஃபைல் அனுப்பி, இதை பிரவுசரில் ஒரே ஒரு தடவை திறங்க, மூடிருங்க, என்றான். திறந்தான், மூடினான். ஒன்றும் நடந்த மாதிரித் தெரியவில்லை. தளத்துக்குப் போனால் வெள்ளைத் திரையில் ஐந்நூறு என்று ஓர் எண், ஏதோ தவறு என்று ஒரு வரி. என்ன தவறு என்று சொல்லாமல் தவறு என்று மட்டும் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை. இன்பராஜுக்கு அனுப்பினால் ஒற்றை டிக்கிலேயே நின்றது, ஷிஃப்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். இன்று காலையில் சர்வர் சொன்னது, இடம் நிரம்பிவிட்டது. தனுஷ்கோடி ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தான். அப்போதுதான் கண்டான், ஒலி என்கிற ஃபோல்டர் இரண்டு இடத்தில் இருக்கிறது. உள்ளறையில் ஒன்று. வாசலில், எல்லோரும் பார்க்கிற பொது ஃபோல்டரில் ஒன்று. இரண்டிலும் அதே பாடங்கள், அதே பெயர்கள். இதுதான் இடத்தை அடைக்கிறது என்று அவனுக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, வீட்டில் ரொம்ப நாளாக நாறின எலியைப் பரணில் கண்டுபிடித்த சந்தோஷம். வாசலில் இருந்ததற்குள் போனான், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தான், அழி என்றான். குப்பைத் தொட்டிக்கு அனுப்பவா, அடியோடு அழிக்கவா என்று கேட்டது. குப்பைத் தொட்டியும் இடம்தானே பிடிக்கும். அடியோடு என்று ஒரு டிக் போட்டான்.

கீக் கீக் என்கிற சத்தம் இடைவெளி குறைந்து அவசரமாகியது. கரண்ட் இல்லாமல் நெட்டும் இல்லை, போனில் ஹாட்ஸ்பாட் போட்டான், பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டான், மறுபடியும் போட்டான். அடுப்படியிலிருந்து பெண்டாட்டி ராக்கம்மா அதை அமர்த்தச் சொன்னாள். ஊறப்போட்ட மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறாள், தோலை எறிகிற சத்தம்கூடக் கேட்டது. அமர்த்தினால் கம்ப்யூட்டரும் நின்றுவிடும் என்றான். நின்றால் என்ன, நீங்களும் நில்லுங்க, கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு, ராத்திரி அங்கே போய்த் தூங்கி விழுந்தால் தண்ணி எந்த ஊருக்குப் போகும் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் பேச்சு ஒரு பக்கம் ஓட, வட்டம் சுற்றி, சுற்றி, தளத்தின் உள்கட்டு திறந்தது. வாசல் ஃபோல்டர் காலி. கரண்ட் போனதில் தப்பிய ஒரே ஒரு ஃபைல் மட்டும் கடைசியில் மிச்சம். நல்லது, அழிந்துவிட்டது, அழியத்தானே சொன்னோம். உள்ளறைக்குப் போனான். போகிற வழியில் ஒவ்வொரு ஃபோல்டரும் திறக்க நேரம் எடுத்துக்கொண்டது. ஒலி. இரண்டு தடவை தட்டினான். காலி. அதே ஒரே ஒரு ஃபைல். இல்லை, நெட் சரியாக வரவில்லை, மறுபடி ஏற்றலாம். மறுபடி ஏற்றினான். ஒரே ஒரு ஃபைல். ஒரு கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டான், மேசை ஆடியது, மேசையின் ஒரு காலுக்கு அடியில் வைத்த அட்டை எப்போதோ நழுவியிருக்க வேண்டும், இந்த நேரத்தில் அதைக் குனிந்து பார்த்தான், அட்டையைத் தேடினான், தேடிச் சரியாக வைத்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். ஒரே ஒரு ஃபைல்.

அந்தச் சின்ன ஃபைலோடு இன்பராஜ் அனுப்பியிருந்த குரலை மறுபடி போட்டுக் கேட்டபோதுதான் புரிந்தது. முந்தாநாள் கேட்டபோது பாதியில் நிறுத்தியிருந்தான், திறக்க வேண்டும் மூட வேண்டும் என்பது வரை. அதற்குப் பிறகும் அவன் பேசியிருந்தான். அப்ப வாசல்லயும் ஒலின்னு ஒண்ணு தெரியும் சித்தப்பா, அது நெசம் இல்ல, ஒரு ஜன்னல்னு வச்சுக்கோங்க, உள்ளறையில இருக்கிறது அதுவழியாத் தெரியுது, அவ்வளவுதான். லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். ஜன்னல். அப்படியானால் அவன் அழித்தது நகலை இல்லை, நகலே கிடையாது, ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு அலமாரியில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் தெருவில் போட்டிருக்கிறான். நிதானமாக. சந்தோஷமாக. குப்பைத் தொட்டியில்கூடப் போடாமல். மிச்சமிருந்த ஃபைலைத் தட்டினான், எது அது, கடவுளே அது ஏதாவது ஒரு பாடமாக இருக்கட்டும், மோட்டார் இரைச்சல் வந்தது, அதற்கு மேலே ஒரு குரல், கணீரென்று, யாருடையது என்று ஒரு கணம் தெரியாமல், கேட்குதா, என்றது. கேட்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணு. கேட்குதா? அவ்வளவுதான். முதல் முதலாகப் போட்ட சோதனைப் பதிவு. தனுஷ்கோடி இருமினான். அந்தக் குரல் இப்போது அவனிடம் இல்லை. மழைக்காலத்தில் கட்டிய தொண்டை திறக்கவே இல்லை, காற்றுதான் வருகிறது, டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுக் குரல்நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மண்வெட்டி பிடிக்கிறவனுக்குக் கையில் விழுகிற மாதிரி. வாசிக்கவே கூடாது, பேச்சையும் பாதியாகக் குறையுங்கள், திரும்ப வரும், வரலாம். வரலாம் என்று அவர் சொன்னபோது கையில் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதனால்தான், இனி வாசிக்க முடியுமோ என்னவோ, வாசித்ததையாவது நன்றாகக் கட்டி வைத்துவிட வேண்டும் என்றுதான் இந்தச் சாரத்துக்கே ஒத்துக்கொண்டான்.

போனில் இருக்குமா. இருக்காது. அது சின்ன போன், ஏற்றியாச்சு என்றால் இடத்துக்காக அழித்துவிடுவது அவன் பழக்கம், சர்வர் இருக்கிறதே என்கிற தைரியம். சர்வர் கம்பெனியில் இருக்குமா. இருக்கும், பெரிய கம்பெனி, வாரம் ஒரு தடவை எல்லாவற்றையும் நகல் எடுத்து வைப்பார்கள் என்று எங்கோ படித்தான். உதவி என்று இருந்த மூலையைத் தட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினான். ரோகன் என்று பெயர் போட்டு ஒருவர் வந்தார், மனிதரா இயந்திரமா என்று தெரியவில்லை, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன் என்றார், பார்த்துச் சொல்கிறேன் என்றார், மூன்று புள்ளிகள் ஏறி ஏறி இறங்கின. அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவை அறுவைக் கூடத்துக்குள் கொண்டுபோன பிறகு வராந்தாவில் நின்றது வந்தது, கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி, அதில் அவ்வப்போது ஒரு தலை தெரியும், அவனைப் பார்க்காது, மறையும். ரோகன் திரும்பி வந்தார். உங்கள் கணக்கு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டதால் நகல் எடுக்கப்படவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டான். தாண்டியதிலிருந்து, என்றார். சாரம் வந்ததிலிருந்தா, இல்லை, அதற்கும் ரொம்ப முன்னால், பாடங்களாலேயே தாண்டியிருக்கிறது, யாரும் சொல்லவில்லை, ஏதோ ஒரு விதிமுறைப் பக்கத்தில் அடியில் இருக்கிறதாம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று ரோகன் கேட்டார். வேண்டாம் என்று எழுதினான், நன்றி என்றும் எழுதினான், ஏன் எழுதினோம் என்று யோசிக்கையில் போன் அடித்தது. ஜெனிட்டா. வேறு யாராக இருந்தாலும் எடுத்திருப்பான். ஜெனிட்டா என்பதால் அடித்து ஓயட்டும் என்று பார்த்தான். ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

கண் தெரியாத தூத்துக்குடிப் பெண், பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி வரலாறு படிக்கிறது. ஒரே ஒரு பேப்பர் பாக்கி, இரண்டு தடவை போய்விட்டது, இந்தத் தடவையும் போனால் பி.எட். சேர முடியாது, சேராவிட்டால் வீட்டுக்கு வந்துவிடு என்று அவள் அண்ணன் சொல்லியிருக்கிறான், வீட்டுக்கு வந்தால் என்ன செய்வாள் என்று அவன் சொல்லவில்லையாம், அதுதான் மாமா எனக்குப் பயமா இருக்கு என்று போன மாதம் சொன்னாள். பரீட்சை நாளை மறுநாள். எடுத்தான். என்ன மாமா, மூணு நாளா உங்க தளம் எனக்கு ஐந்நூறு ஐந்நூறுங்கு, மார்க்கா இருந்தா நல்லாத்தான் இருக்கும், என்றாள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், இன்னும் பிள்ளைகள் கூட இருக்கிறார்கள் போல. தனுஷ்கோடி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான். வேலை நடக்கிறது என்று சொன்னான், கரண்ட் இல்லை என்று சொன்னான், அது உண்மைதானே, யு.பி.எஸ். சத்தத்தை அவளே கேட்கட்டும் என்று போனை மேசைப் பக்கம் காட்டக்கூடச் செய்தான், சாயங்காலம் வந்துவிடும் என்றான். எது வந்துவிடும் என்று சொல்லவில்லை. தொண்டை எப்படி இருக்கு மாமா, பேசாதீங்க, நான் சாயங்காலம் கூப்பிடுதேன் என்று அவளே வைத்துவிட்டாள். கீக் கீக் கீக், பிறகு நீளமாக ஒரு கீக், யு.பி.எஸ். அணைந்தது. திரை கறுத்தது. அதில் அவன் முகம் தெரிந்தது, வாயைத் திறந்தபடி.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்பதுதான் முதலில் வந்தது. அந்த மாதிரி நினைப்பு அப்படியே வராது, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டுதான் வரும். பரீட்சை நேரத்தில் பிள்ளையைப் பதற வைக்கலாமா. இன்பராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஏதாவது வழி தெரியும், அதற்குள் எதற்கு. அப்புறம், சர்வர்க்காரன் அழித்துவிட்டான் என்று சொல்லலாம். அதில் பொய் எவ்வளவு, அவன் நகல் எடுக்கவில்லைதானே, எடுத்திருந்தால் இருந்திருக்கும்தானே, ஆகவே அழித்தது அவனும்தான். அதற்கு அப்புறம், போனை அணைத்து வைத்துவிட்டு இப்போதே வேலைக்குக் கிளம்பிவிடலாம், பகல் ஆபரேட்டர் சந்தோஷமாக மாற்றிக்கொண்டு போவான், மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்காது. சாயங்காலம் அவள் கூப்பிடுவாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லும். அதை அவள் எத்தனை தடவை கேட்பாள். விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, போனைக் காதில் ஒட்டி, அந்தப் பெண் சொல்வதை முடிக்கவிட்டு, மறுபடி. அவள் ஒன்றையும் நம்பாதவள், நடைபாதையில் கால் வைத்தால்கூட முதலில் தட்டிப் பார்த்துத்தான் வைப்பாளாம், மோட்டார் மாமா சொன்னா சரியா இருக்கும் என்று மற்றப் பிள்ளைகளிடம் சொல்வாளாம். சாயங்காலம் வந்துவிடும் என்று மோட்டார் மாமா சொல்லியாயிற்று. அவள் இப்போது வேறு வழி தேடாமல் சாயங்காலத்துக்காகக் காத்திருப்பாள். அதுதான், அந்தப் பாடங்கள் போனதைவிட அதுதான், இந்த நிமிஷம் அவன் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருப்பது அரை நாள், அவளிடம் மொத்தம் இருப்பதே ஒன்றரை நாள். தனுஷ்கோடிக்கு வியர்த்தது. காற்றாடி சுற்றாததால் என்று நினைத்துக்கொண்டான். இல்லை என்பதும் தெரிந்தது. அடுப்படியில் ராக்கம்மா பேச்சை நிறுத்தி ரொம்ப நேரமாகியிருந்தது.

கூப்பிட்டான். அடித்த ஒவ்வொரு மணிக்கும் எடுக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தான். எடுத்தாள்.

"ஜெனிட்டாம்மா. சாயங்காலம் வராது. எதுவும் வராது. பாடம் பூராத்தையும் நான்தான் அழிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் பின்னால் இருந்த பிள்ளைகளின் பேச்சு கொஞ்ச நேரம் விஷயம் தெரியாமல் ஓடி, பிறகு நின்றது. அவன் ஜன்னலைப் பற்றிச் சொன்னான், இடம் நிரம்பியதைச் சொன்னான், குரல் கிழிந்து கிழிந்து வந்தது, பாதி வார்த்தை காற்றாகவே போனது. அவன் முடித்தபோது, எல்லாருக்குமா, என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றான். பிறகு கணக்குப் போடுகிறவள் மாதிரிச் சொன்னாள், முதல் மூணு அலகு எங்க அறைப் பிள்ளைகள்ட்ட மெமரி கார்டுல கிடக்கு, இங்க நெட்டு எடுக்காதுன்னு போன வருஷம் இறக்கி வச்சோம், மத்த பாடமும் கொஞ்சம் கிடக்கும், எது எதுன்னு பார்க்கணும். நாலும் அஞ்சும் இல்லை. போன தடவையும் நாலுலதான் மாமா போச்சு. தனுஷ்கோடி அந்தப் புத்தகம் தன்னிடம் இருக்கிறது என்றான், வாசிக்கிறேன் என்றான், வாயைத் திறந்து ஒரு வரி சொல்லிப் பார்த்தான், ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி என்பதற்குள் இருமல் வந்து, இருமி, மூச்சு வாங்கி. வேண்டாம் மாமா, அது உறைக்குள்ள கத்தியைப் போட்டு ஆட்டுத மாதிரி இருக்கு, என்றாள் அவள். விடுதியில் வாசிக்க யாருமில்லையா என்று கேட்டான். படிப்பு லீவுக்குக் கண்ணு தெரிஞ்ச பிள்ளைகளெல்லாம் ஊருக்குப் போயாச்சு, போன் ஆப்பு படம் பிடிச்சு வாசிக்கும், அது வாசிக்கத தமிழைக் கேட்டா தெரிஞ்சதும் மறந்திரும், என்றாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. உங்க வீட்டுல அத்தைக்கு வாசிக்க வருமா?"

அவன் நிமிர்ந்தபோது ராக்கம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. விரல்களில் மொச்சைத் தோல் ஒட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் வாசித்த எதையும் அவள் கேட்டதில்லை, ஊருக்கு வாசிக்கிற வாய் வீட்டுல ஒரு வார்த்தை பேசாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள், அவனிடமும் சொல்வாள், எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், பேப்பர் வந்தால் விளம்பரத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் பார்ப்பாள். போனில் வந்த கேள்வி அவள் காதிலும் விழுந்திருந்தது. அவனுக்குத்தான் அவளிடம் கேட்கத் தெரியவில்லை. முறைத்துக்கொண்டுதான் நின்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

"கண்ணாடியக் குடுங்க. எனக்கு இல்லாம அந்தப் பொடி எழுத்துத் தெரியாது."

போனை அவளே வாங்கி ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டாள். இந்தா பாரு தாயி, எனக்கு இந்த இங்கிலீஷுப் பேரெல்லாம் வராது, சிரிச்சீன்னா வச்சுட்டுப் போயிருவேன், என்றாள். சிரிக்க மாட்டேன் அத்தை, நான் இங்கே ரெக்கார்டு போட்டுக்கிடுதேன், மெதுவா வாசிங்க, என்றது போன். ராக்கம்மா புத்தகத்தைக் கிட்டே கொண்டுவந்து, தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுவந்து, அலகு நான்கு என்று ஆரம்பித்தாள். இரயத்துவாரி என்ற சொல்லில் முட்டி நின்றாள். இர, இரய, என்னடி இது. ரயத்துவாரி அத்தை, விவசாயிகிட்டயே நேரா வரி வாங்குதது. அப்ப நடுவுல ஜமீன்தார் கிடையாதா. கிடையாது அத்தை. நல்லதாப் போச்சு, என்றுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். நிறுத்தக்குறிகளை மதிக்கவே இல்லை, மூச்சு தீர்கிற இடத்தில் நிறுத்தினாள், விளைச்சல் பொய்த்த ஆண்டுகளிலும் வரி குறைக்கப்படவில்லை என்று வந்தபோது யாரையோ வைகிற குரலில் வாசித்தாள். தெருவில் பழைய பேப்பர்க்காரன் போனான், அதுவும் பதிவாகும், பதிவாகட்டும். தனுஷ்கோடி கேட்டுக்கொண்டு நின்றான். இதே வரிகளை அவனும் வாசித்திருக்கிறான், ஒரு தடவைகூட அவனுக்குக் கோபம் வந்ததில்லை.

பயம் எங்கும் போய்விடவில்லை. நாளைக்கு தருமபுரிப் பையன் கூப்பிடுவான், அவனுக்கு இலக்கணம், அது யார் கார்டில் இருக்குமோ. இன்பராஜ் வந்து என்ன சொல்வானோ. கரண்ட் வந்தால் அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஐந்நூறு அப்படியே நின்றுகொண்டிருக்கும். நாலாம் அலகே முடியுமோ என்னவோ, அஞ்சு இருக்கிறது, ராக்கம்மாவுக்கும் தொண்டை கட்டிவிட்டால். அவள் குரல் தடுக்கி, எழுந்து, நடந்தது. இரண்டு பக்கம் புரட்டியிருப்பாள், வாசிப்பை விடாமலே கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்து, தாடையால் அடுப்படியைக் காட்டினாள். அவன் போனான். தரையில் சட்டி இருந்தது, பக்கத்தில் தண்ணீரில் பாதி மொச்சை இன்னும் தோலோடு கிடந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒன்றை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினான், தோல் கையில் நின்றது, பருப்பு சட்டியில் விழுந்தது. அடுத்ததை எடுத்தான்.